சலங்கு ஏறாத அமிர்தம்

எங்கள் துறைமுகத்தில் ஒரு சோதனை அறை இருந்தது. அறை என்பது காகிதத்தில் எழுதின பேர். கிடங்கின் ஒரு மூலையில் கயிறு கட்டி, பாய்மரத் துணியை வெட்டித் திரையாகத் தொங்கவிட்டிருப்பார்கள். உள்ளே ஒரு முக்காலி, ஒரு பானைத் தண்ணீர், சுவரில் ஒரு ஆணி. கப்பலேறப் போகிற பெண்கள் அந்த ஆணியில் பையை மாட்டிவிட்டு என் முன்னால் நிற்பார்கள். நான் கொண்டையை அவிழ்த்துப் பார்ப்பேன், மடியைத் தடவுவேன், வெற்றிலைப் பெட்டியைக் கொட்டிப் பார்ப்பேன். சுங்கத்தில் பெண் சோதனைக்காரி. முப்பது வருஷத்துக்கு மேல் அதுதான் என் உத்தியோகம்.

போன மாசம் காயத்ரி வீட்டுக்கு வந்தாள். நான் ஓய்வு பெறப் போகிற வருஷம் வேலைக்குச் சேர்ந்த பெண். இன்றைக்கு அவளுக்குக் கீழே இருபது பேர். "அக்கா, வீட்டுவேலைக்கு வெளிநாடு போற பொம்பளைங்களுக்கு வயசு வரம்பு வைக்கலாமான்னு கூட்டம் போட்டுப் பேசிக்கிட்டிருக்கோம். ஆள் கடத்தறதைத் தடுக்கறதுக்கு. ஓய்வு பெற்றவங்க மலர்ல நீங்க அதைப் பத்தி எழுதணும்" என்றாள்.

"கொள்கையெல்லாம் எனக்கு என்னாம்மா தெரியும்?"

"தெரிஞ்சதை எழுதுங்க."

எனக்குத் தெரிந்தது ஒரு பெண்ணின் பேர். அதை இத்தனை வருஷத்தில் எந்தச் சுங்க அதிகாரியிடமும் சொன்னதில்லை, ஒருத்தரைத் தவிர. அவர் இப்போது இல்லை.

ஐம்பத்துநாலில் பிரெஞ்சுக் கொடி இறங்கியபோது எனக்கு இருபத்துநாலு வயது. புருஷன் சலங்குக்காரர். கப்பல் எங்கள் கரைக்கு வராது. தூரத்தில் ஆழத்திலேயே நிற்கும். பழைய கடற்பாலத்தைப் புயல் தின்றுவிட்டிருந்த காலம் அது. ஆட்களையும் மூட்டைகளையும் அலை தாண்டிக் கொண்டுபோக இருந்தது சலங்கு என்கிற பெரிய படகு ஒன்றுதான். அந்த அலையிலேயே அவர் உயிர் போனது. புது ஆட்சியின் சுங்கத்தில் பொம்பளையைச் சோதிக்கப் பொம்பளைதான் வேண்டும் என்று விதி. "சலங்குக்காரன் பொண்டாட்டி ஒருத்தி எழுத்துக்கூட்டிப் படிக்கிறாளாம்" என்று யாரோ சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பள்ளிக்கூடம் நான் போனதில்லை. கரையில் இறங்குகிற சரக்குப் பெட்டிகளின் முகத்தைப் பார்த்துப் பார்த்தே பிரெஞ்சு எழுத்து வந்தது. தமிழ் எழுத்து சுவரொட்டியில் வந்தது. "உனக்கு ஒயின் பாட்டில்தான் வாத்தியாரு" என்று சலங்குக்காரர்கள் கேலி செய்வார்கள். வேலைக்கு மனுப் போட என் கையெழுத்து போதவில்லை. விதவைக்கு அப்பன் இல்லாவிட்டால் அண்ணன் தம்பி யாராவது சம்மதம் தர வேண்டும் என்றார்கள். என் தம்பிக்கு எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்த நான் வேலைக்குப் போகலாம் என்று, எழுதத் தெரியாத அவன் கைநாட்டு வைத்தான். வைத்துவிட்டு, "போய்ட்டு வாக்கா, நான் உத்தரவு குடுத்துட்டேன்" என்று மீசையை முறுக்கினான். அன்றைக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது.

பயிற்சி மூன்று நாள். சென்னையிலிருந்து ஒரு அம்மா வந்து, எங்கே தங்கம் ஒளிப்பார்கள், எங்கே கைக்கடிகாரம் ஒளிப்பார்கள் என்று காட்டிவிட்டு ரயிலேறிப் போனார்கள். போகும்போது அவர் சொன்னது ஒன்றுதான்: "கையைப் பாக்காதே, கண்ணைப் பாரு. ஒளிச்ச எடத்தைக் கண்ணு காட்டிக் குடுத்துடும்." ஒரு மாசத்தில் நானே பிடிக்க ஆரம்பித்துவிட்டேன். குழந்தையின் அரைஞாணில் ஏழு கடிகாரம் கட்டிக்கொண்டு வந்த ஒரு மகராசி, நான் எண்ணுவதைப் பார்த்துக்கொண்டே, "புள்ளைக்கு மணி பாக்கக் கத்துக் குடுக்கறேன்" என்றாள். அந்த வாய்க்காகவே அவளை இன்னும் மறக்கவில்லை.

என் மேலதிகாரி முசே அந்துவான். தமிழர்தான். மூன்று தலைமுறையாகப் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். ஐயா என்பதற்குப் பிரெஞ்சில் முசே. அப்படித்தான் எல்லோரும் கூப்பிடுவோம். வெள்ளைக் கோட்டு, கஞ்சி போட்ட காலர், மேசையில் நான்காய் மடித்த கைக்குட்டை. என்னை முதல் நாளே "மதாம் அஞ்சலை" என்று கூப்பிட்டு எழுந்து நின்றார். என்னைப் பார்த்து எழுந்து நின்ற முதல் ஆண்பிள்ளை அவர்தான். எனக்கு உட்காருவதா ஓடுவதா என்று தெரியவில்லை.

ஒரு காகிதத்தை அவர் பார்க்கிற விதத்தை உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கலாம். முதலில் படிக்க மாட்டார். ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிப்பார். அப்புறம் மேசையில் வைத்து ஓரங்களை விரலால் நீவிவிடுவார். அதற்கப்புறம்தான் மேலிருந்து கீழே, ஒரு வரிக்கு ஒரு மூச்சு. முத்திரையை இரண்டு தரம் குத்துவார். முதல் குத்து மைக்கு, இரண்டாவது குத்து மனசுக்கு என்பார். பிழை இருந்தால் சத்தம் போட மாட்டார். அந்தக் காகிதத்தைத் திருப்பி வைத்துவிடுவார், அவ்வளவுதான். அவர் காகிதத்தைத் திருப்பி வைத்தால் அந்த ஆளுக்கு அன்றைக்குக் கப்பல் இல்லை.

கப்பலேறுகிற பெண்ணுக்கு ஒரு தனித் தாள் உண்டு. பேர், வயது, யாரோடு போகிறாள், யார் சம்மதம். கல்யாணம் ஆனவள் என்றால் புருஷன், ஆகாதவள் என்றால் அப்பன். சம்மதம் கொடுத்தவரின் கையெழுத்தோ கைநாட்டோ கடைசிக் கட்டத்தில் இருக்கும். பெண்ணைக் கேட்க அதில் இடம் கிடையாது. ஆண்களுக்கு அந்தத் தாளே கிடையாது. ஆண் என்றால் அவனாகப் போகிறான், பெண் என்றால் யாரோ அனுப்பிப் போகிறாள். அப்படித்தான் தாள் நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் அந்தத் திரைக்குள் ஒரு விசேஷம் இருந்தது. வீட்டை விட்டுக் கிளம்பினதிலிருந்து கப்பலில் கால் வைக்கிற வரைக்கும், கூட வந்தவர்களின் கண்ணிலிருந்து ஒரு பெண் விலகி நிற்கிற ஒரே இடம் அதுதான். அது எனக்குத் தெரிந்ததே தற்செயலாக. ஒரு நாள் ஒரு ஆள் மூன்று பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தான், அக்காள் மகள்கள் என்று. காகிதமெல்லாம் சுத்தம். முதல் பெண்ணின் கொண்டையை அவிழ்க்கும்போது சும்மா பேச்சுக் கொடுத்தேன். "மாமா ரொம்ப நல்லவரு, எங்களை நல்ல எடத்துல வேலைக்கு வைப்பாரு" என்றாள். இரண்டாவது பெண்ணும் அதே வார்த்தை. மூன்றாவது பெண் வாயைத் திறக்கும் முன்பே எனக்கு வியர்த்துவிட்டது. அவளும் அதையேதான் சொன்னாள், மூச்சு விடுகிற இடம்கூட மாறாமல். நான் வெளியே வந்து முசேயிடம் சொன்னேன். அவர் மூன்று காகிதத்தையும் திருப்பி வைத்தார். அந்த ஆள் யாருக்கும் மாமா இல்லை என்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிட்டது.

அதற்கப்புறம் எனக்குப் பெரிய பேர். போலீசுக்காரர்களே "அஞ்சலைம்மா கண்ணுக்கு எக்ஸ்ரே இருக்கு" என்றார்கள். ஒரு பெண் ஒரு வார்த்தை சரளமாகச் சொன்னால், இது சொல்லிக்கொடுத்த பேச்சு என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரியும் என்று நானும் நம்பினேன்.

ஐம்பத்தெட்டு என்று நினைக்கிறேன். மாசி மாதம், கடல் நல்ல அமைதி. சைகோன் போகிற கப்பல் நின்றிருந்தது. மதாம் ரொசாலி என்று ஒரு அம்மா, சைகோனிலேயே குடும்பம் நடத்துகிறவர், தன் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அழைத்துப் போகிறார். பெண்ணின் பேர் அமிர்தம். தவளக்குப்பத்துக்குப் பக்கத்து ஊர். இருபது வயதிருக்கும். கல்யாணமாகி இரண்டு வருஷம். தாளில் எல்லாம் சரியாக இருந்தது. புருஷன் சம்மதம்: ஊதா மையில் ஒரு கைநாட்டு.

நான் சலங்குக்காரர்களோடு வளர்ந்தவள். ஆண்பிள்ளையின் கட்டைவிரல் எனக்குத் தெரியும். கயிறு இழுத்தவன் கைநாட்டில் ரேகையே இருக்காது, தேய்ந்த காசு மாதிரி இருக்கும். ஏர் பிடித்தவனுடையது அகலமாகப் படியும். இந்தக் கைநாட்டு சின்னதாக, ஒவ்வொரு ரேகையும் எண்ணும்படி இருந்தது. நடுவில் குறுக்கே ஒரு கோடு, அரிவாள்மணையில் வெட்டுப்பட்ட தழும்பு மாதிரி.

திரைக்குள் வந்ததும், "கையைக் காட்டும்மா" என்றேன்.

அவள் வலது கையை நீட்டினாள்.

"அந்தக் கை."

இடது கையை மூடியே வைத்திருந்தாள். நான் மெதுவாகப் பிரித்தேன். கட்டைவிரலில் குறுக்கே ஒரு தழும்பு. தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவியிருக்கிறாள், தோல் சிவந்திருந்தது. ஆனால் நகத்துக்கு அடியில் ஊதா போகவில்லை.

"இது யாரு வச்ச கைநாட்டு?"

"நான்தான்க்கா வச்சேன்" என்றாள். அழவில்லை, மழுப்பவில்லை. "அவரு கையி வேணும்னாங்க. அவரு குடுக்க மாட்டாரு. அதான் என் கையை வச்சேன். போறது நான்தானே?"

"யாரு வைக்கச் சொன்னா? அந்த மதாமா?"

"அந்தம்மாவுக்குத் தெரியாது. யாரும் என்னை அனுப்பலக்கா. நானாத்தான் போறேன். அதை எழுதிக்கோ."

"புருஷன் கிட்ட என்னா கொறை?"

"என்னை வடக்க ஒரு வீட்டுல கொண்டு விடப் போறான். அந்த வீட்டுக்காரி வந்து என்னைப் பாத்துட்டுப் போனா, மாடு பாக்கற மாதிரி. பல்லுகூடப் பாத்தா. எனக்கு எல்லாம் புரிஞ்சிபோச்சு. சைகோன் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது. ஆனா அவன் அங்க வர முடியாது, கடல் இருக்கு. அவ்ளோதான்க்கா."

தெளிவாகச் சொன்னாள். எந்த இடத்திலும் தடுக்கவில்லை. அந்தத் தெளிவுதான் என்னைக் கெடுத்தது. ஒரு பட்டிக்காட்டுப் பெண் இப்படிக் கோர்வையாகப் பேசுமா என்று என் எக்ஸ்ரே கண் சொன்னது. தரகர்கள் அப்போது ஒரு புது வழி பழகியிருந்தார்கள். புருஷன் கெட்டவன் என்று சொல், எல்லோரும் இரக்கப்படுவார்கள் என்று பெண்களுக்குச் சொல்லி அனுப்புவார்கள். அதைக் கேள்விப்பட்டிருந்தேன். பொய்க் கைநாட்டு வேறு கையில் இருக்கிறது.

"இப்படிச் சொல்லணும்னு யாரு சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டேன்.

அமிர்தம் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குக் கோபம் என்றும் பேர் வைக்க முடியாது, வருத்தம் என்றும் முடியாது. கடையில் சரியான சில்லறை கொடுத்தும், செல்லாது என்று திருப்பிக் கொடுத்தால் ஒரு ஆள் எப்படி நிற்பார், அப்படி நின்றாள். "நானே யோசிச்சதுக்கா" என்றாள். அப்புறம் தானாகவே கொண்டையை அவிழ்த்துக் காட்டினாள், அதையும் சோதித்துக்கொள் என்கிற மாதிரி. அதில் ஒன்றும் இல்லை.

நான் முசேயிடம் போனேன். அவர் பூதக்கண்ணாடி வைத்துக் கைநாட்டைப் பார்த்தார். அவளைக் கூப்பிட்டு விரலைப் பார்த்தார். "நீங்க கண்டுபிடிச்சது சரி மதாம்" என்றார். காகிதத்தைத் திருப்பி வைக்கவில்லை. கையிலேயே வைத்திருந்தார். அவர் அப்படித் தயங்கி நான் பார்த்ததில்லை.

"அந்தப் பொண்ணு என்னா சொல்லுது?"

சொன்னேன்.

அவர் பேனாவைத் திறந்தார். "இதை எழுத எடம் இல்ல. வேணும்னா பின்பக்கத்துல எழுதலாம். எழுதினா விசாரிக்கணும். விசாரிச்சு முடியற வரைக்கும் புருஷன்கிட்ட ஒப்படைக்காம வேற எங்கயாவது தங்க வைக்கணும். எழுதலைன்னா காகிதத்துல ஒரு பேருதான் இருக்கு, அவனைத்தான் கூப்பிடணும். நீங்கதான் அவகூட பேசினவங்க. எழுதலாமா?"

இந்தக் கேள்வியை வாழ்க்கையில் எத்தனை பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்? ஒரு அதிகாரி, கையில் பேனாவோடு, சரக்குப் பெட்டியில் எழுத்துப் படித்த ஒரு பொம்பளையைப் பார்த்து, உங்கள் சொல்லை வைத்து முடிவு செய்கிறேன் என்கிறார். நான் சொன்னேன்:

"சொல்லிக் குடுத்த பேச்சு முசே. எழுத வேணாம்."

அவர் பேனாவை மூடினார். காகிதத்தைத் திருப்பி வைத்தார்.

வெளியே மதாம் ரொசாலி குடையைத் தரையில் தட்டித் தட்டிச் சண்டை போட்டார். "நான் புள்ளை பாக்க ஆள் கூட்டிப் போறேன், திருடிக்கிட்டுப் போகல! அந்தப் பொண்ணு எங்க வீட்டு வாசல்ல மூணு நாள் வந்து நின்னுச்சு. இங்க விட்டுட்டுப் போனா அது பொழைக்காது, நான் சொல்றேன்!" நான் மனசுக்குள் நினைத்தேன், பிடிபட்ட திருடி எப்படிக் கத்துகிறாள் பார் என்று. கடைசிச் சலங்கு அலையில் ஆடிக்கொண்டு நின்றது. சலங்குக்காரர்கள் நேரமாகிறது என்று கூவினார்கள். மதாம் ரொசாலி அழுதுகொண்டே ஏறிப் போனார். நான் அதையும் நடிப்பு என்று நினைத்தேன்.

சாயங்காலம் புருஷன் சைக்கிளில் வந்தான். வெள்ளை வேட்டி, படிய வாரின தலை, சட்டைப் பையில் பேனா. கையெடுத்துக் கும்பிட்டான். "ரொம்ப நன்றிக்கா. நீங்க இல்லாட்டி என் குடும்ப மானம் கப்பலேறியிருக்கும்" என்றான். கைநாட்டு வைக்க மாட்டான் போலிருக்கிறது, அழகாகக் கையெழுத்துப் போட்டு அவளை வாங்கிக்கொண்டான்.

அமிர்தம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கிளம்பும்போது தண்ணீர் கேட்டாள். பானையிலிருந்து மொண்டு கொடுத்தேன். முழுசாகக் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"கப்பல் போயிடுச்சாக்கா?"

"போயிடுச்சும்மா."

"சரி" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளின் பின்னால் ஏறிக்கொண்டாள்.

அந்த "சரி"தான் என்னைத் தூங்கவிடவில்லை. மாட்டிக்கொண்ட திருடி "சரி" என்று சொல்ல மாட்டாள். ஏமாற்றப்பட இருந்து தப்பித்த பெண்ணும் "சரி" என்று சொல்ல மாட்டாள். அவளுக்குத் தப்பித்த சந்தோஷம் அல்லவா இருக்க வேண்டும்? யோசிக்க யோசிக்க, ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்பி வந்தது. அந்த மூன்று பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தவன், நல்ல வார்த்தையாகச் சொல்லிக்கொடுத்திருந்தான். பல்லைப் பார்த்தாள் என்று யாராவது சொல்லிக்கொடுப்பார்களா?

மூன்று மாசம் மனசோடு மல்லுக்கட்டிவிட்டு, ஒரு விடுமுறை நாளில் பஸ் ஏறித் தவளக்குப்பம் போனேன். கடைத்தெருவில் விசாரித்து, அங்கிருந்து வரப்பில் நடந்து அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். மாமியார்க்காரி மணிலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

"அமிர்தம் இருக்காளா?"

"அவ இங்க இல்லியே. நீங்க யாரும்மா?"

"துறைமுகத்துல வேலை பாக்கறேன்."

அவள் முகம் மலர்ந்துபோயிற்று. எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "புடிச்சிக் குடுத்த மவராசி நீங்கதானா? என் புள்ள சொல்லிச் சொல்லி மாஞ்சிபோனான். உக்காரும்மா, உக்காரு."

"அமிர்தம் எங்க?"

"வடக்க கூட்டிக்கிட்டுப் போனான். அங்க வேலை கெடைச்சிருக்காம் அவளுக்கு. பெரிய எடமாம்."

"உங்க புள்ளையும் அங்கதான் இருக்காரா?"

"அவன் பத்து நாள்ல திரும்பி வந்துட்டானே. அவனுக்கு அந்த ஊரு தண்ணி ஒத்துக்கல."

"எந்த ஊரு?"

"எனக்கு வாயில நுழையலம்மா."

"கடுதாசி வருதா?"

"அவளுக்கு எழுதத் தெரியாதே" என்றாள். ஒரு பொய்யும் இல்லாத முகம். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அல்லது தெரிந்துகொள்ளாமல் இருக்கத் தெரிந்தவள். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் என் முந்தானையில் ஒரு படி மணிலாக்கொட்டையைக் கட்டிவிட்டாள். அமிர்தத்தைப் பிடித்துக்கொடுத்ததற்கு எனக்குக் கிடைத்த மரியாதை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம் முழுவதையும் கொடுத்துவிட்டேன். "வீட்டுல புள்ளைங்க இல்லியா?" என்று கேட்டாள். "இல்ல" என்றேன்.

மறுநாள் போலீசுக்குப் போனேன். என்னை எக்ஸ்ரே கண் என்று சொன்ன அதே ஆள்தான் இருந்தார். "காணாமப் போனதா புருஷன் புகார் குடுத்தானா?" என்று கேட்டார். இல்லை. "அப்பன் அண்ணன் யாராவது?" அப்பன் இல்லை, அண்ணன் கல்கத்தாவில் எங்கேயோ. "அப்ப எப்படி அஞ்சலைம்மா? பொண்டாட்டியைப் புருஷன் வேலைக்கு அனுப்பிச்சா அதுல நாம என்னா பண்றது?" அவரும் கெட்டவர் இல்லை. காப்பி வாங்கிக் கொடுத்தார்.

முசேயிடம் சொன்னேன். நின்றுகொண்டே கேட்டார். கைக்குட்டையைப் பிரித்து மறுபடி நான்காக மடித்தார். "எழுதலாமான்னு உங்களைக் கேட்டேனே, அது தப்பு" என்றார். "உங்களைக் கேட்டிருக்கக் கூடாது. அவளைக் கேட்டிருக்கணும். அவ எழுதச் சொன்னாளா இல்லியா?"

"சொன்னா முசே. 'அதை எழுதிக்கோ'ன்னா."

அடுத்த கப்பல் வந்தபோது அவர் மேசையில் பார்த்தேன். ஒவ்வொரு தாளிலும் கடைசிக் கட்டத்துக்குக் கீழே, அளவுகோல் வைத்து, தன் கையால் ஒரு கோடு போட்டிருந்தார். அதன் மேல் சின்ன எழுத்தில்: பயணம் போகிறவர் சொன்னது. மேலிடத்தில் கேட்டால் வேலைக்கு ஆபத்து. அச்சடித்த அரசாங்கத் தாளில் ஒரு கோடு கூடுதலாகப் போடுவது அந்த மனுஷனுக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று அவரைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆண்களுக்கும் ஒரு தாள் தயார் செய்தார், அதே கோட்டோடு. "ஆம்பளைங்களுக்கு எதுக்கு முசே?" என்றேன். "அவங்ககிட்ட யாராவது கேட்டிருக்கோமா?" என்றார். கேட்டதில்லைதான். அந்த வருஷம் பதினோரு பேர் கிடங்குக் காவல் வேலை என்று கிளம்பினார்கள். முதல் ஆளிடம், "நீயாப் போறியா, யாராவது அனுப்பறாங்களா?" என்று முசே கேட்டார். அவன் சிரித்துவிட்டான். "என்னா முசே, என்னைப் பொம்பளை மாதிரி கேக்கறீங்க?" என்றான். பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். ஒருத்தன் மட்டும் சிரிக்கவில்லை. "காவல் வேலைன்னாங்க, ஆனா வெட்டுக்கத்தி எடுத்து வரச் சொல்லியிருக்காங்க. காவலுக்கு எதுக்கு முசே வெட்டுக்கத்தி?" என்று கேட்டான். எல்லோரும் சிரிப்பை நிறுத்தினார்கள். அது ரப்பர்க் காடு வெட்டுகிற வேலை. ஆறு பேர் அன்றைக்கே ஊர் திரும்பினார்கள். ஐந்து பேர் தெரிந்தே போனார்கள். பெண் ஏமாந்தால் கெட்டுப்போனவள், ஆண் ஏமாந்தால் கேனயன் என்று இரண்டு பேர் வைத்திருக்கிறோமே தவிர, ஏமாற்றினவனுக்குப் பேர் வைக்க மறந்துவிடுகிறோம்.

திரைக்குள் நானும் மாறினேன். ஒரு வருஷம் கழித்து, கழுத்தில் புதுத் தழும்போடு ஒருத்தி வந்தாள். அவள் தாளில் அண்ணன் கையெழுத்து என்று இருந்தது. அது அண்ணன் கையெழுத்து இல்லை என்று அவளே சொன்னாள். முசே அந்தக் கோட்டுக்கு மேல் அவள் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே எழுதினார். எழுதிவிட்டுத் தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். அப்புறம் முத்திரை இரண்டு தரம் விழுந்தது. நான் கரை வரைக்கும் கூடப் போனேன். சலங்கு மூன்று அலையைத் தாண்டியது. அவள் போன இடம் நல்லதா கெட்டதா, எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்க்கவே இல்லை. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே நான் இன்னொரு பெண்ணைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அறுபத்திரண்டில் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து எல்லாம் சட்டப்படியும் முழுசாகக் கைமாறியது. யார் எந்த நாட்டுக் குடி என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். முசேயின் பிள்ளைகள் பிரான்சில். அவரும் கிளம்பினார். அவருடைய தாளை நான்தான் நிரப்பினேன். கோட்டுக்கு வந்ததும், "நீங்களாப் போறீங்களா முசே, யாராவது அனுப்பறாங்களா?" என்று கேட்டேன், சிரிக்க வைக்கலாம் என்று. அவர் கிடங்கைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மணலைப் பார்த்தார். "அதை மட்டும் எழுதாதீங்க மதாம்" என்றார். வெறுமையாக விட்டேன். புது வருஷத்தில் புதுத் தாள் அச்சாகி வந்தது. அதில் கோடு இல்லை. கோடு இல்லாமலே நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், ஓய்வு பெறுகிற நாள் வரைக்கும்.

காயத்ரி, உன் கூட்டத்தில் சொல்ல எனக்கு இருப்பது இவ்வளவுதான். ஒரு பெண்ணைப் போகவிடாமல் நிறுத்தினால் அவள் பத்திரமாக இருப்பாள் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நானும் நினைத்தேன். அவள் நிற்கிற இடம் பத்திரமா என்று முதலில் பாருங்கள். வயது கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவளைக் கேளுங்கள். கேட்டால் மட்டும் போதாது. நான்கூடக் கேட்டேன்தான்.

அமிர்தத்தைத் தேடாத இடமில்லை. வடக்கிலிருந்து வருகிற ரயிலில் இறங்குகிற பெண்களின் இடது கையைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அவள் வயசு கூடக்கூட நான் தேடுகிற முகத்துக்கும் வயசைக் கூட்டிக்கொண்டே வந்தேன். முப்பது வயது அமிர்தம், நரைத்த அமிர்தம், பல் போன அமிர்தம். எல்லா முகமும் எனக்குப் பழக்கம். எதையும் பார்த்ததில்லை.

போன வாரம் பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணுக்குக் காட்டப் போயிருந்தேன். பெஞ்சில் கூட்டம். உள்ளேயிருந்து நர்சு, "அமிர்தம்! தவளக்குப்பம் அமிர்தம்!" என்று கூப்பிட்டாள். என் முழங்கால் வலியெல்லாம் எங்கே போனதோ, எழுந்து நின்றுவிட்டேன். இரண்டு பெஞ்சு தள்ளி ஒரு வயதான பெண் மெதுவாக எழுந்தாள். ஓடிப்போய் அவள் இடது கையைப் பிடித்துக் கட்டைவிரலைப் பார்த்தேன். தழும்பு இல்லை.

"என்னாக்கா, ஜோசியம் பாக்கறியா?" என்றாள்.

"மன்னிச்சிக்கோம்மா. வேற ஒரு அமிர்தத்தைத் தேடறேன்."

"எங்க ஊருல நாலு அமிர்தம் இருக்கு. எந்த அமிர்தம்?"

சொன்னேன். எந்த வீடு, எந்த வருஷம் என்று. அவள் தலையை ஆட்டினாள். "அந்த அமிர்தம் திரும்பி வரவே இல்லியே" என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் உட்காரவைத்தாள். "பாத்தா என்னா சொல்லணும்னு வச்சிருந்த? எங்கிட்ட சொல்லு. பேரு ஒண்ணுதானே."

சொல்ல வாயெடுத்தேன். ஐம்பது வருஷமாக வைத்திருந்த வார்த்தை, ஒன்றும் வரவில்லை. அவள் என் கையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு, தன் முறை வந்ததையும் மறந்து, எனக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

நர்சுக்குப் பொறுமை போய்விட்டது. கதவைத் திறந்து இன்னொரு தரம் கத்தினாள், "அமிர்தம் யாரு? இருக்காங்களா, இல்லியா?"

இந்தத் தடவையும் நான்தான் முதலில் எழுந்தேன்.